வார்டன் இல்லாத விடுதி

'ஹாஸ்டல்' என்ற சொல் தமிழ்நாட்டில் ஒரு கட்டடத்தை மட்டும் குறிப்பதில்லை. வார்டன், மெஸ், இரவு வருகைப்பதிவு, குறித்த நேரத்தில் அடைக்கப்படும் வாயிற்கதவு, ஊருக்குப் போவதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கேட்கும் அனுமதிச் சீட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஓர் ஏற்பாட்டையே அது குறிக்கிறது. பிள்ளையின் மீது பெற்றோருக்கு உள்ள பொறுப்பைக் கல்வி நிறுவனம் சில ஆண்டுகளுக்குத் தன் கையில் வாங்கிக்கொள்கிறது என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்கு அங்கே 'ஷ்டுடென்டன்வோன்ஹைம்', சுருக்கமாக 'வோன்ஹைம்', எனப்படும் மாணவர் குடியிருப்பில் இடம் கிடைத்தால், பழகிய ஹாஸ்டலே சற்று வசதியான வடிவில் கிடைத்திருப்பதாக அவரும் அவர் வீட்டாரும் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அங்கே வார்டனும் இல்லை, மெஸ்ஸும் இல்லை, வருகைப்பதிவேடும் இல்லை. இருப்பது, வயதுவந்த ஒருவர் தம் பெயரில் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் ஒன்றே. அங்கு போய்ச் சேர்ந்த முதல் ஆண்டில் மாணவர்கள் படும் இடர்களில் பெரும்பகுதி, மொழியாலோ குளிராலோ வருவதைவிட, இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் போவதாலேயே வருகிறது.

ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இன்று மிகப் பெரிய குழுவினர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்களின் எண்ணிக்கை 49,000-ஐக் கடந்தது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை என்பது இந்த ஈர்ப்புக்கு முதற்காரணம். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குவது போன்ற விதிவிலக்குகளும் உண்டு. கட்டணம் இல்லையென்றால் செலவு என்று எஞ்சுவது அன்றாட வாழ்க்கைச் செலவுதான், அதிலும் முதலில் நிற்பது வாடகை. விசா பெற விரும்பும் மாணவர் 'ஷ்பெர்கோன்டோ' எனப்படும் முடக்கக் கணக்கில், அதாவது மாதத்துக்கு இவ்வளவு என்ற அளவில் மட்டுமே பணம் எடுக்க விடும் வங்கிக் கணக்கில், 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். மாதத்துக்கு அது 992 யூரோ ஆகிறது. வெளிச்சந்தையில் பலர் சேர்ந்து வாழும் வீடொன்றில் ஓர் அறைக்கு 2024-இல் நாட்டின் சராசரி வாடகை ஏறத்தாழ 490 யூரோவாகவும், மியூனிக்கில் 800-ஐ நெருங்கியும் இருந்தது என்பதை அதனோடு வைத்துப் பார்த்தால், பல நகரங்களில் 300 யூரோவை ஒட்டிய வாடகைக்குக் கிடைக்கும் வோன்ஹைம் அறைக்கு ஏன் அவ்வளவு போட்டி என்பது விளங்கும்.

பல்கலைக்கழகத்தில் சேர்க்கை கிடைத்தால் அதன் விடுதியிலும் இடம் கேட்கலாம் என்ற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது, ஏனெனில் இக்குடியிருப்புகளில் மிகப் பலவற்றைக் கட்டி நடத்துவது பல்கலைக்கழகம் அன்று, 'ஷ்டுடீரெண்டன்வெர்க்' எனப்படும் மாணவர் நலப் பணியகங்களே. நாடெங்கும் 57 பணியகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு நகரத்தின் அல்லது வட்டாரத்தின் உயர்கல்வி நிறுவனங்கள் பலவற்றுக்கும் பொதுவாக நின்று, 'மென்ஸா' என்ற மலிவு உணவகங்களையும், உள்நாட்டு மாணவருக்கான அரசு உதவித்தொகை அலுவலகத்தையும், உளவள ஆலோசனையையும், குடியிருப்புகளையும் நடத்துகிறது. இவற்றிடம் உள்ள இடங்கள் ஏறத்தாழ 1,95,000; நாட்டின் மாணவர் தொகையோ 28 லட்சத்துக்கும் மேல். நூற்றுக்கு ஏழு பேருக்கு மட்டுமே போதுமான இந்த இருப்பை, திருச்சபைகளும் பிற அமைப்புகளும் நடத்தும் இல்லங்கள் சற்று கூட்டுகின்றன என்றாலும், பத்தில் ஒருவருக்கு இடம் என்ற அளவை ஒட்டியே நிலைமை நிற்கிறது. ஆகவே சேர்க்கைக் கடிதத்துக்காகக் காத்திராமல், பணியகத்தின் விதி இடம் கொடுக்கும் முதல் நாளிலேயே தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் மாதக் கணக்கைத் தாண்டிப் பருவக் கணக்கில் நீள்கிறது.

வார்டன் இல்லாத இந்த ஏற்பாடு ஜெர்மனியில் தொடக்கம் முதலே இருந்ததன்று. இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் 'பூர்சா' எனப்பட்ட இல்லங்களில் தங்கினர். இலத்தீனில் பணப்பை என்று பொருள்படும் அச்சொல், உறைவோர் அனைவரும் பணம் போட்ட பொதுப் பையிலிருந்து இல்லத்துக்குப் பெயராயிற்று, இளைஞனைக் குறிக்கும் 'பூர்ஷெ' என்ற இன்றைய ஜெர்மன் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. பட்டம் பெற்ற ஓர் ஆசிரியரின் மேற்பார்வை, இரவில் பூட்டப்படும் கதவு, உள்ளே இலத்தீனில் மட்டுமே பேச வேண்டும் என்ற கட்டளை என அந்த இல்லங்கள் இருந்த விதத்தைப் பார்த்தால், நம் ஊர் ஹாஸ்டலுக்கு நெருங்கிய உறவினர் இன்றைய வோன்ஹைம் அன்று, 15-ஆம் நூற்றாண்டின் பூர்சாதான் என்று சொல்லத் தோன்றும். டூபிங்கன் நகரில் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்துப் பூர்சாக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதே நகரில் 1536-இல் நிறுவப்பட்ட 'ஷ்டிஃப்ட்' என்ற சீர்திருத்தத் திருச்சபையின் மாணவர் இல்லம் இன்றும் இயங்குகிறது; வானியலாளர் கெப்லர் உறைந்து படித்த அந்த இல்லத்தில்தான், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஹெகல், ஹோல்டர்லின், ஷெல்லிங் மூவரும் ஒன்றாகத் தங்கிப் படித்தனர். ஓர் இல்லத்தில் யார் யாரோடு தங்க நேர்கிறது என்பது ஒரு நாட்டின் மெய்யியல் வரலாற்றையே திசைதிருப்பக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

தமிழோடு உண்மையான தொடர்புடைய ஓர் ஊரும் இந்த வரலாற்றில் வருகிறது. ஹாலே நகரில் ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கெ எழுப்பிய கல்வி நிறுவனங்களில் வறிய மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் உணவளிக்கும் 'ஃபிரைடிஷ்' என்ற ஏற்பாடு இருந்தது. அதற்கு ஈடாக மாணவர்கள் அங்கிருந்த பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தனர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அந்த வட்டத்தில் பயின்றவர், தமிழ் ஓலைச்சுவடிகள் சிலவும் இன்று ஹாலே காப்பகத்தில் உள்ளன. மாணவனுக்கு வேண்டிய சோற்றையும் இடத்தையும் கல்விக்கு வெளியே உள்ள ஓர் அறச்செயலாக எண்ணாமல் கல்வியின் பகுதியாகவே எண்ணும் மனப்பாங்கு அங்கே பழமையானது. முதல் உலகப்போருக்குப் பின் வந்த பஞ்ச ஆண்டுகளில் மாணவர்கள் தாங்களே கூடித் தொடங்கிய தன்னுதவி அமைப்புகளில் அது புதிய உருவம் பெற்று, இன்றைய பணியகங்களாக வளர்ந்தது.

ஆயினும் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பெரும்பாலான மாணவர்கள் விடுதியில் வாழவில்லை. கணவரை இழந்த மூதாட்டியோ நடுத்தரக் குடும்பமோ தம் வீட்டில் வாடகைக்கு விட்ட, கட்டிலும் மேசையும் போட்ட ஓர் அறையில் துணைக்குடியினராக வாழ்ந்தனர். இரவு பத்து மணிக்கு மேல் அறையில் விருந்தினர் இருக்கக்கூடாது என்று அந்த வீட்டுக்கார அம்மையார் கண்டிப்பாக இருந்ததற்கு ஒழுக்கம் மட்டும் காரணமன்று; மணமாகாத ஆணும் பெண்ணும் தன் வீட்டில் இரவைக் கழிக்க இடம் கொடுப்பவரைத் தண்டிக்க வழிசெய்யும் சட்டப்பிரிவு ஒன்று குற்றவியல் தொகுப்பில் இருந்தது, 1960-களின் இறுதியில் தொடங்கிய சட்டச் சீர்திருத்தத்தில்தான் அது விலகியது. மாணவரின் ஒழுக்கத்துக்கு வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்ற கருத்தும் அத்தோடு சட்டத்தை விட்டு அகன்றது. அதே ஆண்டுகளில் பரவிய 'வோன்கெமைன்ஷாஃப்ட்', சுருக்கமாக 'வேகே', என்ற பகிர்வு வீடு, அதாவது உறவினர் அல்லாதோர் ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கோர் அறையில் இருந்து சமையலறையையும் குளியலறையையும் பொதுவாக வைத்துக்கொள்ளும் வழக்கம், இன்று ஜெர்மன் மாணவர்களின் தலைமையான வாழ்முறையாக உள்ளது.

வோன்ஹைமின் பொதுச் சமையலறை இடச்சிக்கனத்துக்காக வந்தது என்றே பலரும் எண்ணுவர். அதன் பின்னே ஓர் அரசியல் எண்ணமும் இருந்தது என்பதைக் காட்டும் இடம் பெர்லினின் தென்மேற்கில் உள்ள ஷ்லாஹ்டன்ஸே மாணவர் சிற்றூர். 1948-இல் மேற்கு பெர்லினில் தோன்றிய சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்காக, அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதிக்கொடையில், 1957-க்கும் 1959-க்கும் இடையே அதன் முதற்பகுதி கட்டப்பட்டது. அத்துறையில் பெர்லின் விவகாரங்களைக் கவனித்த எலினார் டல்லஸ் அந்நிதி கிடைக்க முன்னின்றவர். நாஜி ஆட்சியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு மக்களாட்சியைப் பாடப்புத்தகத்தால் மட்டும் கற்பிக்க முடியாது, சேர்ந்து வாழும் இடத்தின் வழியாகவே அது கைவர வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. ஃபெலிங், கோகல், ஃபாங்குக் என்ற மூன்று கட்டடக்கலைஞர்கள் நேர்வரிசைப் பாசறைகளை அறவே தவிர்த்து, புல்வெளிச் சரிவில் சிறுசிறு வீடுகளைச் சிதறினாற்போல் அமைத்தனர். தனியறைகளைச் சிறியனவாகவும், சமையலறையையும் கூடத்தையும் ஒளி நிறைந்த விரிந்த இடங்களாகவும் ஆக்கியதால், அறையில் அடைந்து கிடப்பதைவிட வெளியே வந்து பிறரோடு இருப்பதே வசதி என்னும் நிலை உருவாயிற்று. பாத்திரம் கழுவும் முறை யாருக்கு என்பதைப் பேசித் தீர்க்கத் தெரிந்தவனுக்கு நகராட்சியையும் பேசித் தீர்க்கத் தெரியும் என்ற நம்பிக்கை சற்று மிகையானதுதான். ஆனாலும் மாணவர் தன்னாட்சி என்ற மரபு அச்சிற்றூரில் வேரூன்றியது. பிற்காலத்தில் இடிக்கப்படும் நிலைக்கு வந்த அக்குடியிருப்பு, குடியிருந்தோரும் ஆர்வலரும் கூடித் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஒன்றால் மீட்கப்பட்டு, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகவும் மாணவர் வாழும் இடமாகவும் ஒருங்கே இன்று நிற்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனியில் அரசே மாணவரைக் குடியமர்த்தியது. மாதத்துக்குப் பத்து மார்க் என்ற பெயரளவு வாடகைக்கு, முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளால் எழுப்பிய அடுக்குமாடிகளில், ஓர் அறைக்கு மூவரும் நால்வருமாகத் தங்கினர். நாடு இணைந்த பின் அவ்வறைகள் ஒருவருக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டன. மியூனிக்கில் 1972 ஒலிம்பிக் போட்டிகளின்போது வீராங்கனைகள் தங்கிய தனித்தனிச் சிறுவீடுகளின் தொகுதி, போட்டி முடிந்ததும் மாணவர் கைக்கு வந்தது. 2007-இல் தொடங்கி இடித்துப் புதிதாகக் கட்டியபோது ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சிறுவீடுகளாக அது நெருக்கப்பட்டதெனினும், முகப்புச் சுவரில் குடியிருப்பவர் தம் விருப்பப்படி ஓவியம் தீட்டிக்கொள்ளலாம் என்ற பழைய உரிமை மட்டும் நீக்கப்படவில்லை.

இன்று ஒருவருக்குக் கிடைக்கும் அறை மூன்று வகைகளுள் ஒன்றாக இருக்கும்: நீண்ட நடைக்கூடத்தின் இருபுறமும் அறைகள் அமைந்து, தளத்துக்கொரு சமையலறையைப் பத்துப் பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ பகிரும் பழைய வகை, மூவர் முதல் ஆறேழு பேர் வரை ஒரே வாயிலுக்குள் வாழும் வேகே வகை, குளியலறையும் சமையல் மூலையும் உள்ளடங்கிய தனி அறை. மூன்றாவது வகையே உயர்ந்தது என்று கருதி அதற்கே பலரும் முந்துகின்றனர். புதிதாக வருபவருக்கு, குறைந்தது முதல் ஆண்டுக்கு, முதல் வகையே நல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து; அதற்கான காரணம் பின்னர் வரும்.

ஒப்பந்தத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியவை 'கால்ட்மீட்டெ', 'வார்ம்மீட்டெ' என்ற இரு சொற்கள். குளிர்வாடகை என்று பொருள்படும் முன்னது இடத்துக்கு மட்டும் உரியது. சூட்டு வாடகை என்னும் பின்னது வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை அகற்றல் முதலிய செலவுகளையும் உள்ளடக்கியது. இரு அறைகளின் வாடகையை ஒப்பிடுவோர் ஒன்றின் குளிர்வாடகையையும் மற்றொன்றின் சூட்டு வாடகையையும் வைத்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. 'கவுட்சியோன்' எனப்படும் முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் குளிர்வாடகைக்கு மேற்படக் கூடாது. வோன்ஹைமுக்கென்று ஒரு தனி இயல்பும் உண்டு: வீட்டு வாடகைச் சட்டம் பிற குடியிருப்போருக்குத் தரும் பாதுகாப்புகளில் சில, குறிப்பாக ஒருவரை எளிதில் வெளியேற்ற முடியாத பாதுகாப்பு, இங்கே முழுமையாகக் கிடைப்பதில்லை, ஏனெனில் மானியத்தால் மலிவான இடம் அடுத்தடுத்த மாணவருக்கும் போய்ச் சேர வேண்டும். இதைச் சுழற்சி நெறி என்கின்றனர். அத்தகைய சுழற்சியைத் திட்டமிட்டு நடத்தும் இல்லத்துக்கே மாணவர் இல்லம் என்ற சட்டநிலை பொருந்தும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2012-இல் விளக்கியது. அதன்படி தங்கும் காலத்துக்குப் பருவக்கணக்கில் ஓர் உச்சவரம்பு இருக்கும், படிப்பு நீண்டுபோனால் இடம் நீளாது.

குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்வது, 'அன்மெல்டுங்', சட்டக் கடமை. வீட்டு உரிமையாளர் தரும் குடிபுகல் சான்று இல்லாமல் அது நடக்காது. அதைத் தொடர்ந்து வங்கி, வரி எண், தங்கும் அனுமதி என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அஞ்சலில் வரத் தொடங்கும். தமிழருக்கே உரிய ஒரு சிக்கல் முளைப்பதும் அங்கேதான். ஜெர்மன் அடுக்குமாடிகளில் வீடுகளுக்குக் கதவெண் இடும் வழக்கம் பொதுவாக இல்லை. அஞ்சற்பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டிய குடும்பப்பெயரைப் பார்த்தே அஞ்சல்காரர் கடிதத்தைப் போடுகிறார். குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாமல் தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட தமிழ் மாணவருக்கோ கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், பல்கலைக்கழகப் பதிவில் முன்பின்னாகவும், வங்கியில் தந்தையின் பெயராகவும் பெயர் திரிந்து நிற்கும். பெட்டியில் தம் பெயரை மட்டும் எழுதி ஒட்டியவருக்கு, தந்தையின் பெயரில் வந்த வங்கி இரகசிய எண் திரும்பிப் போய்விடுகிறது. அறைச்சாவி கைக்கு வந்த நாளிலேயே கடவுச்சீட்டில் உள்ள இரு பெயர்களையும் பெட்டியில் எழுதி ஒட்டிவிடுவது இதற்கு எளிய தீர்வு. வரும் கடிதங்களுள் ஒன்று ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வரும். தொலைக்காட்சி இல்லாதவரும் செலுத்த வேண்டிய அது, 2021 முதல் மாதத்துக்கு 18.36 யூரோ. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பது விதி என்பதால் வேகே வகையினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம்; பொது நடைக்கூடத்தில் வாயில் வைத்த அறை ஒவ்வொன்றும் தனி வீடாகவே எண்ணப்படுவதால் முதல் வகையினர் ஆளுக்கொரு முழுக்கட்டணம் கட்ட நேர்கிறது. விளம்பரமோ மோசடியோ என்று அக்கடிதத்தைத் தூக்கிப் போடுபவர் பின்னால் தண்டத்தொகையுடன் கட்டுகிறார்.

இனி சமையலறை. குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டோ, பூட்டுப்போட்ட சிறு அறையோ ஒதுக்கப்பட்டிருக்கும். பால் கொஞ்சம் குறைந்திருந்தாலும் அது பூசலுக்கு இடமாகும். 'புட்ஸ்பிளான்' என்ற துப்புரவு முறைப்பட்டியல் சுவரில் தொங்கும், இந்த வாரம் அடுப்பு, அடுத்த வாரம் தரை, அதற்கடுத்து குப்பை என்று சக்கரம்போல் சுழலும். 'ஹவுஸ்மைஸ்டர்' எனப்படும் கட்டடப் பராமரிப்பாளர் குழாயையும் பூட்டையும் பழுதுபார்ப்பாரேயன்றி, கழுவாத பாத்திரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வரமாட்டார். முறை தவறியவரைக் கண்டிக்கவோ தண்டிக்கவோ மேலே ஒருவர் இல்லை என்பதால் குடியிருப்பவர்களே முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொள்கிறார்கள். நேரில் சொல்லச் சங்கடப்படுபவர் துண்டுச்சீட்டு எழுதி ஒட்டுகிறார். பெரியவர் ஒருவரிடம் சொல்லி அவர் வழியாகச் சொல்லவைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நேர்ப்பேச்சு முதலில் அவமதிப்பாகவே படும். பெரும்பாலும் அதில் பகை எதுவும் இருப்பதில்லை. காலையில் வாணலியைக் கழுவச் சொன்னவர் மாலையில் அதே மேசையில் தேநீருக்கு அழைப்பார்.

தாளிப்பு ஒரு தனிப் பொருள். எண்ணெய் புகையக் காய்ந்து கடுகு வெடித்து, மிளகாய் நெடி கமறும்போது, அதற்கென்று வடிவமைக்கப்படாத புகையுணர் கருவி அலறும். அக்கருவி தீயணைப்பு நிலையத்தோடு நேரடியாக இணைக்கப்பட்ட கட்டடங்களில் வண்டி வந்து நின்றுவிடும், காரணமானவரிடம் அதன் செலவைக் கேட்கவும் கூடும். எண்ணெயை மிதமாகக் காயவைத்து, மூடியை அருகில் வைத்து, சன்னலைத் திறந்து, நடைக்கூடக் கதவைச் சாத்தியபின் தாளிப்பது என்ற சிறு ஒழுங்கு இதற்குப் போதும். குக்கரின் விசில் ஓசைக்கு அக்கம்பக்கத்தார் திடுக்கிடுவதும் உண்டு. மரக்கறி மட்டும் உண்பவர் பொதுப் பாத்திரங்களை நம்பாமல் தமக்கென்று ஒரு சட்டியும் கரண்டியும் வைத்துக்கொள்வதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, காரணத்தை ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை 'ரூஹெட்சைட்', அமைதி நேரம். ஞாயிறு முழுவதும் அமைதி நாள். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் உள உயர்வுக்கும் உரிய நாளாகப் பாதுகாக்கும் விதி 1919-இன் வைமார் அரசமைப்பிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் உயிரோடு இருக்கிறது. அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சுவரில் துளை போடக்கூடாது, பல இல்லங்களில் துணி துவைக்கும் இயந்திரத்தையும் ஓட்டக்கூடாது. சனிக்கிழமை மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்கி வைக்கத் தவறியவர் ஞாயிறன்று தொடர்வண்டி நிலையக் கடைக்குப் போய்க் கூடுதல் விலை கொடுக்கிறார். குப்பையைத் தாள், மக்குவது, பொதி உறை, கண்ணாடி, எஞ்சியது எனப் பிரித்துப் போட வேண்டும். ஒருமுறை பயன்படும் நெகிழிப் புட்டிக்கும் தகரக் குவளைக்கும் வாங்கும்போதே 25 சென்ட் முன்பிடிப்பு உண்டு, காலிப் புட்டியைக் கடையின் இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். மாத இறுதியில் சமையலறை மூலையில் சேரும் புட்டிகள் தளத்தின் பொதுநிதியாவதும் உண்டு.

வெப்பநாட்டவர் எளிதில் நம்பாத கடமை ஒன்று, உறைகுளிரிலும் சன்னலை அகலத் திறந்து அறைக்குக் காற்று விடுவது. மூச்சு, குளியல், சமையல், அறைக்குள் உலர்த்தும் துணி ஆகியவற்றால் சூடான காற்றில் நீராவி சேர்கிறது. இடுக்கில்லாமல் கட்டப்பட்ட அறையில் அது வெளியேற வழியின்றி, குளிர்ந்த வெளிச்சுவரின் மூலையில் நீராகப் படிந்து கரும்பூஞ்சையை வளர்க்கிறது. சன்னலை நாள் முழுதும் இலேசாகச் சாய்த்து வைத்தால் சுவர் குளிர்ந்து கேடு பெருகும். ஐந்து பத்து நிமிடம் முழுவதும் திறந்து காற்றை மாற்றி உடனே மூடினால் சுவரின் சூடு குறைவதில்லை. இதற்கு 'லூஃப்டன்' என்று பெயர். சில ஒப்பந்தங்களில் நாளைக்கு இத்தனை முறை என்று எழுதியே தருகிறார்கள். எழுதியதைப் படிக்காமல் கையெழுத்திட்டவரின் முன்பணத்திலிருந்து பூஞ்சைச் சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவு கழிக்கப்படலாம்.

வார்டன் இல்லாமையின் மறுபுறம் ஒன்று உண்டு. எட்டு மணிக்கு வரவில்லையென்று கண்டிக்க ஒருவர் இல்லாத இடத்தில், மூன்று நாளாக வெளியே வரவில்லையே என்று கேட்கவும் ஒருவர் இல்லை. நவம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் நாட்டில், தனிச் சமையல் மூலையும் தனிக் குளியலறையும் கொண்ட அறையில், வகுப்பில்லாத நாள்களில் எவர் முகத்தையும் பாராமலே ஒரு வாரம் ஓடிவிட முடியும். புதியவருக்கு நடைக்கூட வகை நல்லது என்று முன்னர்ச் சொன்னது இதனால்தான்: பொதுச் சமையலறை உள்ளவர் பசிக்கும்போதேனும் மனிதரைப் பார்க்கிறார், பாடத்தில் வராத ஜெர்மனை அடுப்பங்கரையில் கேட்கிறார், இரண்டு வேளை காணவில்லையென்றால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுகிறார். பல பணியகங்கள் மூத்த மாணவர்களை 'டூட்டர்' என்ற பொறுப்பில் அமர்த்தி, புதியவரை நகராட்சி அலுவலகம்வரை கூட்டிச் செல்லவும் பொதுவிருந்துகள் நடத்தவும் ஏற்பாடு செய்துள்ளன. உளவள ஆலோசகர்களும் அங்கே உண்டு, பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் இந்திய மாணவர் மிகுந்திருப்பதால், ஊர்க்காரர்களோடு ஒரே வேகேயில் சேர்ந்துவிட்டால் தனிமை தீரும் என்று பலர் முனைகின்றனர். தனிமை தீர்கிறது, சாம்பாரும் கிடைக்கிறது. ஆனால் இரண்டாண்டு முடிந்து வேலை தேடும் வேளையில், ஜெர்மன் மொழி ரொட்டிக்கடை அளவிலேயே நின்றுவிட்டது என்பது தெரியவரும்.

இடம் கிடைக்காதவர்களின் கதை வேறு. பருவத் தொடக்கத்தில் சில நகரங்களில் கூடங்களிலும் பொது அறைகளிலும் தற்காலிகப் படுக்கைகள் போடப்படுகின்றன. 'வோனன் ஃபூர் ஹில்ஃபெ', உதவிக்கு உறைவிடம், என்ற திட்டத்தின்கீழ் தனியே வாழும் முதியவரின் வீட்டில் தங்கி, அறையின் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் கடைக்குப் போதல், தோட்டவேலை போன்ற உதவிகளைச் செய்து வாடகையை ஈடுகட்டுவோரும் உள்ளனர். நீர், மின்சாரம் போன்ற பயன்பாட்டுச் செலவை மட்டும் அவர்கள் தர வேண்டியிருக்கும். விடுமுறைக்கோ பயிற்சிக்கோ ஊர்விட்டுப் போகும் மாணவரின் அறையைச் சில மாதங்களுக்கு எடுக்கும் 'ட்ஸ்விஷன்மீட்டெ' என்ற இடைக்குடியும் வழக்கில் உண்டு, இல்ல நிருவாகத்தின் ஒப்புதல் அதற்கு வேண்டும். கூட்டாட்சி அரசு 2023 முதல் மாணவர், தொழிற்பயிற்சியாளர் குடியிருப்புகளுக்கென ஆண்டுக்கு 50 கோடி யூரோ ஒதுக்கிவருகிறது என்றாலும், கட்டடம் எழும் வேகம் சேர்க்கையின் வேகத்தை எட்டவில்லை. இந்தத் தட்டுப்பாட்டை நம்பிப் பிழைப்போரும் உளர்: தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் வந்ததும் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் எழுதி, அழகான படங்களோடு நம்பமுடியாத வாடகை சொல்பவரிடம் அறை என்று ஒன்று இருப்பதே இல்லை. அறையைத் தாமோ நம்பகமானவரோ நேரில் பாராமல் பணமும் கடவுச்சீட்டு நகலும் அனுப்பாதிருப்பதே இதற்குக் காப்பு.

வெளியேறும்போது மறுபடியும் ஒப்பந்தமே பேசுகிறது. வெளியேறுவதாக அறிவிக்கும் காலக்கெடு பெரும்பாலும் மாதக் கணக்கிலோ பருவ முடிவையொட்டியோ இருப்பதால், வேலை கிடைத்த மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஒப்படைப்பு நாளில் ஹவுஸ்மைஸ்டர் ஒரு படிவத்தோடு வந்து, சுவரில் ஆணித்துளை, மெத்தைக் கறை, அடுப்பின் அடியில் படிந்த எண்ணெய் என ஒவ்வொன்றாகக் குறித்து இருவர் கையெழுத்தையும் வாங்குகிறார்; குடிபுகுந்த நாளிலும் இதே போன்ற படிவத்தில் முன்பே இருந்த பழுதுகளைக் குறித்து, படமும் எடுத்து வைத்தவர் அந்நாளில் கவலையின்றி நிற்கிறார். முன்பணம் உடனே கைக்கு வருவதில்லை; பயன்பாட்டுச் செலவுகளின் கணக்கு முடிந்த பின், சில மாதங்கள் கழித்து, வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படுகிறது. படிப்பை முடித்து நாடு திரும்புவோர் அவசரத்தில் ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடிவிட்டு வந்து, பின்னர் அத்தொகைக்காகப் பணியகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது வழக்கம் என்பதால், முகவரிப் பதிவை நீக்கும் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தாலும், கணக்கை மட்டும் அப்பணம் வந்து சேரும்வரை திறந்தே வைத்திருப்பது நல்லது.